எஃப்5-ஐ எங்கே கொண்டுபோனீர்கள்?

டேலியில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் மௌஸைத் தொடுவதே இல்லை. எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். பெங்களூரில் 1986-ல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் அது. எத்தனையோ பதிப்பு வந்தாயிற்று, 2020-ல் பெயரே டேலிபிரைம் என்று ஆயிற்று. இந்த ஆறு கீயின் வேலை மட்டும் மாறவில்லை. ராமநாதபுரம் மிளகாய் மண்டியோ, பரமக்குடி ஜவுளிக் கடையோ, மண்டபம், பாம்பன், ராமேசுவரத்து மீன் கம்பெனியோ, எங்கே போய்ப் பார்த்தாலும் கணக்கு எழுதுகிறவரின் கை அந்த மேல்வரிசைக்குத்தான் போய்ப் போய்த் திரும்பும். நானும் அப்படி ஒருத்தி. மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அந்த வரிசையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கியவர்களும் சரி, அதை வாங்கி வந்து என் முன்னால் வைத்தவர்களும் சரி, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு மறுநாள் வெள்ளன கரை பிடித்ததும் இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி, சங்காயம் தனி என்று பிரித்து எடை போடுவார்கள். எடைச் சீட்டு என் மேசைக்கு நனைந்துதான் வரும். பேனா எழுத்து பாதி கரைந்திருக்கும். ஒன்றா ஏழா என்று ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு டீசலுக்குக் கொடுத்த முன்பணம், ஐஸ் பாருக்குக் கொடுத்தது, சுமை தூக்கியவருக்குக் கூலி, லாரி வாடகை, போன தடவை பாக்கி, எல்லாம் அந்த ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் வந்து விழும். "அக்கா, நம்ம படகுக்கு எம்புட்டு நிக்கிது?" என்று வாசலிலிருந்தே ஒருவர் கேட்பார். "தாயி, என் சீட்டை முதல்ல போடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார் இன்னொருவர். கண் சீட்டில் இருக்கும். காது அவர்களிடம் இருக்கும். கீபோர்டுக்கு என்று மிச்சம் இருப்பது விரல் மட்டும்தான்.

அந்த விரலுக்கு எப்படி வழி தெரிகிறது? மேசைக் கணினியின் கீபோர்டைப் பாருங்கள். எஸ்கேப் தனியாக நிற்கும். பிறகு எஃப்1 முதல் எஃப்4 வரை ஒரு கொத்து. ஒரு சின்ன இடைவெளி. எஃப்5 முதல் எஃப்8 வரை அடுத்த கொத்து. மறுபடி இடைவெளி. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இந்த கீகள் பத்துதான், இடப்பக்கம் இரண்டு வரிசையாக இருந்தன. 1980-களின் நடுவில் அவற்றைப் பன்னிரண்டாக்கி மேலே ஏற்றியபோது நாலு நாலாகப் பிரித்து வைத்தார்கள். அந்த இடைவெளிதான் எனக்கு அடையாளம். இடைவெளியைத் தாண்டினால் முதல் கீ எஃப்5, அதாவது பணம் வெளியே போகிறது. அதற்கு அடுத்தது எஃப்6, பணம் உள்ளே வருகிறது. இருட்டில் சொந்த வீட்டு வாசற்படி காலுக்குத் தெரிகிற மாதிரி இது விரலுக்குத் தெரியும். மடிக்கணினியில் இடைவெளி குறுகிப்போனாலும் ஒவ்வொரு கீக்கும் விளிம்பு இருக்கிறது. அமுக்கினால் இறங்கும், விட்டால் ஏறும். அமுக்கினேனா இல்லையா என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதை யாரும் எனக்குச் சும்மா கொடுக்கவில்லை. பி.காம். படிப்பும் டைப்ரைட்டிங் லோயரும் இதில் பாதிதான். மீதி, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்கு மேல் படகெல்லாம் ஒரே வீச்சாகக் கரைக்கு வருகிற நாட்களில், சாப்பிட எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்து விரலில் ஏற்றிக்கொண்டது. எனக்கு இருக்கிற சொத்து அது ஒன்றுதான்.

புது மடிக்கணினி வந்தது. புது என்றால் எங்களுக்குப் புதிது. எங்கோ பெரிய கம்பெனியில் ஓடிக் கழித்துவிட்டதை விலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேல்வரிசையில் கீயே கிடையாது. வழவழவென்று ஒரு பட்டை, அதற்குள்ளிருந்து வெளிச்சத்தில் சின்னச் சின்னப் படங்கள். சத்தம் கூட்ட, சத்தம் குறைக்க, திரை வெளிச்சம் ஏற்ற, இறக்க. எஃப் எண்கள் வேண்டுமானால் இன்னொரு கீயைத் தொட்டு வரவழைக்க வேண்டும். கரண்ட் போய் வந்தாலும், மூடித் திறந்தாலும், மறுபடி அந்தப் படங்களே வந்து நிற்கும். நான் பேமென்ட் என்று நினைத்துத் தொட்ட இடத்தில் திரை மங்கும்.

அந்தப் பட்டைக்கு அமுக்கம் என்பது தெரியாது. நம் விரல் மின்சாரத்தைக் கடத்தும். விரல் கிட்டே வந்தால் பட்டைக்கு அடியில் இருக்கிற மெல்லிய மின்னூட்டம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் எந்த இடத்தில் தொட்டோம் என்று அது கணிக்கிறது. உலர்ந்த விரலாக இருந்தால் சரி. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். நனைந்த சீட்டைப் பிடித்த விரலோடு தொட்டால், விரல் எங்கே முடிகிறது, ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பட்டைக்குப் பிரிக்கத் தெரிவதில்லை. ஒரு துளி வழிந்தால் பக்கத்து எண்ணையும் சேர்த்துத் தொட்டதாக எடுத்துக்கொள்கிறது. மீன் பிரிக்கிற பெண்கள் கையில் ரப்பர் உறை போட்டிருப்பார்கள். அந்தக் கையோடு தொட்டால் தொட்டதாகவே எடுத்துக்கொள்ளாது. எங்கள் ஊரில் கை என்றைக்கு உலர்ந்திருக்கிறது? கையைத் துணியில் துடைத்தால் அந்தத் துணியும் உப்புப் பூத்துத்தான் கிடக்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே இந்தக் காற்று அரித்து, 2022 டிசம்பரில் அதில் ரயிலே ஓடக்கூடாது என்று நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் திறக்க வேண்டி வந்தது. அந்தக் காற்றில் உட்கார்ந்துதான் நான் கணக்கு எழுதுகிறேன்.

இனி என் வயிறு எரிகிற இடத்துக்கு வருகிறேன்.

ஒரு சம்மாட்டிக்கு டீசல் முன்பணம் 40,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தோம். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கிறது. நான் பேமென்ட்டைத் தொட்டேன். பட்டை ரிசீட்டை எடுத்துக்கொண்டது. டேலி தெரிந்தவர்களுக்குப் புரியும்: சிங்கிள் என்ட்ரி முறையில் இரண்டு திரையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மேலே கேஷ், கீழே ஆளின் பெயர், வலப்பக்கம் தொகை. மூலையில் இருக்கிற ஒரு வார்த்தை மட்டும் வேறு. என் கண் அடுத்த சீட்டில் இருந்தது. இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

சாயங்காலம் கல்லாவை எண்ணினால் புத்தகத்தைவிட 80,000 ரூபாய் குறைகிறது. போன 40,000 போனதாக எழுதப்படவில்லை, அதற்கு மேல் 40,000 வந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து 80,000. கணக்கு தெரிந்தவருக்கு இது ஒரு நிமிடம். வித்தியாசத்தைப் பாதியாக்கு, அந்தத் தொகை எங்கே இருக்கிறதென்று தேடு; கணக்கு எழுதப் பழகுகிற பிள்ளைக்கே இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்போம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை எனக்குக் கொடுக்கவில்லை. எடைக்காரர், டிரைவர், ஐஸ் கம்பெனிப் பையன், வெளியூர் வியாபாரி என்று நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு முதலாளி கேட்டார்.

"ஏம்மா, கல்லாச் சாவி உன்கிட்டதான இருந்துச்சு?"

அவர் திருடி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாவி உன்னிடம்தானே இருந்தது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆமாம், என்னிடம்தான் இருந்தது. "இருங்க முதலாளி, டேபுக்கைப் பாக்குறேன்" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கிய குரலைக் கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எடுத்துக் காட்டினேன். சீட்டைக் காட்டினேன். சம்மாட்டியே போனில், "ஆமா, நாப்பதாயிரம் நான்தான வாங்கிட்டுப் போனேன், அந்தப் புள்ளைகிட்ட என்ன கேக்குறீங்க" என்றார். முதலாளி, "சரி சரி, இனிமே பாத்துப் போடும்மா" என்றார். பார்த்துப் போட வேண்டுமாம். சீட்டைப் பார்ப்பேனா, பட்டையைப் பார்ப்பேனா? பார்க்காமல் போடுகிறதுதானே என் தொழில்!

அதோடு முடிந்ததா? எங்கள் மீன் கம்பெனி பிரைவேட் லிமிடெட். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்பதெல்லாம் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்று மத்திய அரசின் விதி. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ரிசீட்டை நான் பேமென்ட்டாகத் திருத்தியபோது பதிவானது என் பெயர். ரொக்கக் கணக்கில், பெரிய தொகையில், சாயங்காலத்தில், திருத்தியவர் இன்னார். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வருகிற தம்பி அதைத்தான் படிப்பார். பட்டை ஈரத்தில் தடுமாறியது என்று எந்தப் பதிவிலும் ஏறாது. இயந்திரம் செய்ததற்கு என் பெயர் சாட்சியாக நிற்கிறது, அதுவும் அழிக்க முடியாதபடி.

இந்தப் பட்டையைச் செய்தவர்களைக் கேட்கிறேன். இது சரிப்பட்டு வராது என்று உங்களுக்குத் தெரியாதா? லெனோவா 2014-ல் எக்ஸ்1 கார்பனில் எஃப் வரிசையை எடுத்துவிட்டுத் தொடுபட்டை வைத்தது, வாங்கியவர்கள் வைதார்கள், அடுத்த வருடமே கீகள் திரும்பின. ஆப்பிள் 2016 அக்டோபரில் மேக்புக் ப்ரோவில் டச் பார் என்று கொண்டுவந்தது. எஸ்கேப் கீயைக்கூட விட்டுவைக்கவில்லை. 2019-ல் எஸ்கேப் திரும்பியது, 2021-ல் புது மாடல்களில் முழு வரிசையும் திரும்பியது, 2023-ல் டச் பார் வைத்த கடைசி மாடலையும் நிறுத்திவிட்டார்கள். டெல் 2022-ல் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸில் அதே வேலையைச் செய்தது, 2026 ஜனவரியில் புது எக்ஸ்பிஎஸ்ஸில் உண்மையான கீகளைத் திரும்ப வைத்தது. மூன்று பெரிய கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தன, ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி வைத்தன. முதல் கம்பெனி பட்ட பாட்டை அடுத்த கம்பெனி பார்க்கவில்லையா? மனிதர்கள் கத்திக் கத்திச் சொன்ன பிறகுதான் உங்களுக்குக் காது கேட்குமா?

திருப்பி வைத்துவிட்டோமே என்பீர்கள். யாருக்கு? புதிதாக லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிறவருக்கு. நடுவில் செய்து விற்றதெல்லாம் கடலில் கரைந்தா போயிற்று? பெரிய ஊர் ஆபீஸ்களில் வேண்டாம் என்று தள்ளியது கை மாறிக் கை மாறி மலிவு விலைக்கு எங்களைப் போன்றவர்கள் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. நீங்கள் கைவிட்ட ஒரு யோசனையோடு இன்னும் பல வருடம் மல்லுக்கட்டப் போகிறவர்கள் நாங்கள். அந்த வருடங்களுக்கு யார் பொறுப்பு?

அழகுக்காக ஒரு கீயை எடுப்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் கடற்கரைக்காரர்களைக் கேட்கட்டும். 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூருக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல், அல்னிக் எம்.சி. என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் செத்துப்போனார்கள். திரையைத் தொட்டு இயக்குகிற முறையில் கட்டுப்பாட்டை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றும்போது குழப்பம். இரண்டு உந்துவிசிறியின் வேகத்தையும் குறைக்கிறோம் என்று நினைத்தார்கள், ஒன்றுதான் குறைந்தது. கைப்பிடியாக இருந்திருந்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தொட்ட கைக்கே தெரிந்திருக்கும். 2019-ல் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை இதையும் சுட்டிக்காட்டியது. பிறகு அந்த வகைக் கப்பல்களில் பழையபடி கைப்பிடிகளையே வைக்கப்போகிறோம் என்று கடற்படை சொன்னது. பயிற்சி எடுத்த ராணுவ மாலுமிகளின் கதி அது. எங்கள் படகில் அலை அடித்து முகமும் கையும் நனைந்து நிற்கிறவர், எல்லைக் கோடு பக்கத்தில் வந்துவிட்டதா என்று ஜி.பி.எஸ். பார்க்கிறபோது அவர் கைக்கு வேண்டியது அமுக்கினால் அமுங்குகிற பட்டன். வயர்லெஸ்ஸில் அபாய அழைப்புக்கு உரிய 16-ஆம் சேனலுக்குத் தனிப் பட்டன் வைத்திருக்கிறார்களே, ஏன்? உயிர் போகிற நேரத்தில் யாரும் படம் பார்த்துத் தொட மாட்டார்கள். எல்லைக் கோட்டை அறியாமல் தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவார் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்காவது கண் இருக்கிறது. கண் தெரியாமல் கணினியில் வேலை பார்க்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். கீபோர்டில் எஃப் எழுத்திலும் ஜே எழுத்திலும் ஒரு சின்ன மேடு இருக்கும். அதைத் தடவித்தான் மொத்தக் கீபோர்டையும் அவர்கள் விரலுக்குள் கொண்டுவருகிறார்கள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளை ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய இருவருமே பார்வையற்றவர்கள். இணையப் பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பட்டியலாக வரவழைக்க அதற்குரிய கீயோடு சேர்த்து எஃப்7, மணி கேட்க எஃப்12 என்று அதிலும் இந்த வரிசைக்குத்தான் வேலை. ஆப்பிளின் பட்டையில் விரல் வைத்தால் பேசிக்காட்டும் வசதியாவது இருந்தது. வெறும் வெளிச்சப் படம் மட்டும் உள்ள பட்டையில் விரல் எதைத் தேடும்? தேடிப் பார்க்க வைத்தாலே அது அமுக்கியதாக ஆகிவிடுகிறதே! நம் நாட்டு ஓட்டு இயந்திரத்தைப் பாருங்கள். அமுக்குகிற நீல பட்டன், அமுக்கினால் எரிகிற சிவப்பு விளக்கு, பீப் சத்தம், பட்டனுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண். படிக்காத பாட்டிக்கும் பார்வை இல்லாதவருக்கும் ஒரே இயந்திரம். அன்றாடம் பயன்படுத்தும் மின்னணுப் பொருட்கள் எல்லோரும் பயன்படுத்தக்கூடிய வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. டிஜிட்டல் வசதியை அணுகுவது உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியும் கடைக்கு வருகிற பொருளில் விரலுக்கு ஒரு விளிம்புகூட இல்லையென்றால், அந்தச் சட்டத்தை யார் வாசித்தார்கள்?

கீ இருந்தால் மட்டும் உப்பில் கெடாதா என்று கேட்கிறார்கள். கெடும். இரண்டு வருடத்தில் ஒரு கீ ஒட்டிக்கொள்ளும், எழுத்து அழிந்துபோகும். ஆனால் கெட்ட கீ, கெட்டுவிட்டேன் என்று விரலுக்குச் சொல்லும். அமுக்கினால் அமுங்காது, அல்லது ஏறி வராது. உடனே தெரியும். கெட்டதை மாற்றலாம், மேசைக் கணினியின் கீபோர்டு முழுசாகவே 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பட்டை கெட்டால் அதன் மேல்பலகையோடு சேர்த்துக் கழற்ற வேண்டும், பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று சர்வீஸ் கடையில் கையை விரிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கெட்டிருக்கிறதா நன்றாக இருக்கிறதா என்றே அந்தப் பட்டை காட்டிக்கொள்வதில்லை. நல்ல நாளிலும் வழவழப்பு, தப்பு செய்கிற நாளிலும் அதே வழவழப்பு.

இப்போது என் கைக்காசில் ஒரு யு.எஸ்.பி. கீபோர்டு வாங்கி மடிக்கணினிக்கு முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கணக்கு பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. "இவ்வளவு விலை கொடுத்து வாங்கின லேப்டாப்புக்கு முன்னாடி இது என்னம்மா, பாக்க நல்லாவா இருக்கு?" என்று முதலாளி கேட்கிறார். வருகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குக் கவலை. ஏன் வாங்கினாய் என்று கேட்கவில்லை. அந்த பில்லை ஆபீஸ் செலவில் எழுதலாமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்.

முதலாளி நல்ல மனிதர்தான். என் மகள் படிப்புக்கு முன்பணம் கொடுத்தவர், முகம் சுளிக்காமல் கொடுத்தவர். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் சுடுகிறது. ஒரு கீபோர்டு விலையை நான் பொறுத்துக்கொள்வேன். இனி மடிக்கணினி வாங்கப் போகும்போது அதில் எழுதப் போகிறவளைக் கூட்டிக்கொண்டு போங்கள், கடையில் வைத்தே டேலியைத் திறந்து ஈரக் கையால் எஃப்5-ஐ அமுக்கிப் பார்க்க விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் தலையாட்டியிருக்கிறார். ஆனால் கல்லாச் சாவி உன்னிடம்தானே இருந்தது என்று நாலு பேர் முன்னால் கேட்டாரே, கணக்கு சரியாகத்தான் இருந்தது, அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை என்பதையும் அதே எடைக்காரர், அதே டிரைவர், அந்த ஐஸ் கம்பெனிப் பையன், அந்த வியாபாரி எல்லோரையும் வைத்துக்கொண்டு அவர் வாயால் சொல்ல வேண்டும். தனியாக என்னிடம் சொன்னால் போதாது. சொல்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.